சகடைன்னு தேடுனா ரெண்டு வருது

போன வருஷம் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தப்ப பெரிய வீட்டு ஆச்சி ஆள் விட்டு கூப்பிட்டாக. காரைக்குடில இருந்து டவுன் பஸ்ல முக்கா மணி நேரம் போற ஊரு, ஊர் பேரும் எங்க பேரும் வராம எழுதிக்கன்னு ஆச்சி சொன்னதால அதோட நிறுத்திக்கிறேன். எங்க தாத்தாவும் அப்பாவும் அந்த வீட்டுக்கு கணக்குப்பிள்ளைங்க. நான்தான் அந்த வேலைக்குப் போகாம லைப்ரரி சயின்ஸ் படிச்சு, அங்க இருந்து எப்புடியோ தாவி இப்ப சென்னைல ஒரு கம்பெனில சர்ச் டீம்ல இருக்கேன். ஊருல யாராவது என்ன வேலைன்னு கேட்டா "கம்ப்யூட்டர்ல தேடுற வேலை"ன்னு சொல்லுவேன், "அப்புடி எதைய்யா தொலைச்சீக"ன்னு கேப்பாக.

ஆச்சி விஷயத்துக்கு நேரா வந்துட்டாக. "தம்பி, ஒங்கப்பா இருந்திருந்தா உக்காந்த எடத்துலயே சொல்லிருப்பாரு. பின்னாடி இருக்க கேணி எந்த வருஷம் வெட்டுனது?"

எதுக்குன்னா, அடுத்த வீட்டு பங்காளி வீட்டு ஆச்சிக்கும் இவுகளுக்கும் நாப்பது வருஷமா ஒரு வழக்கு. கோர்ட்டு வழக்கு இல்ல, சாயங்காலம் திண்ணைல உக்காந்து பேசிக்கிற வழக்கு. கேணி மொதல்ல வெட்டுனாகளா, பின்கட்டு மொதல்ல கட்டுனாகளா? இவுக பின்கட்டுங்கிறாக, அவுக கேணிங்கிறாக. ரெண்டு பேருமே கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவுக, ரெண்டு பேருமே பாத்ததில்ல, மாமியா சொன்னதை வச்சு சண்டை. "கணக்கு பூராம் அறையில கெடக்கு, நீதான் தேடுற வேலைன்னு சொன்னியே, தேடு"ன்னுட்டாக.

அறைய தொறந்து பாத்தா எனக்கு மூச்சு முட்டிருச்சு, தூசியால மட்டும் இல்ல. பேரேடு மட்டும் அறுபது சொச்சம், சிகப்புத் துணி பைண்டிங், அதுபோக சிட்டை, குறிப்பு, ஐந்தொகைக் கட்டு, ரங்கூன்லயும் ஈப்போலயும் இருந்து வந்த லெட்டர் கட்டு தனி.

இங்க ஒண்ணு சொல்லியாகணும், ஏன்னா இந்த போஸ்டே அதுக்குத்தான். காலேஜ்ல எங்களுக்கு இன்வெர்ட்டட் இண்டெக்ஸ் பாடம் எடுத்தப்ப பாதி கிளாஸ் தூங்கிருச்சு, எனக்கும் அன்னிக்கு மண்டைல ஏறல, வீட்டுக்கு வந்து அப்பா வேலை பாக்குறத பாத்தப்பத்தான் ஏறுச்சு. அப்பா மொதல்ல குறிப்புல எழுதுவாரு, அது நாள் கணக்கு, இன்னிக்கு என்னென்ன நடந்துச்சோ அது வரிசையா. ராத்திரி உக்காந்து அதையே பேரேட்டுல ஏத்துவாரு, அது ஆள் கணக்கு, ஒரு ஆளுக்கு ஒரு பக்கம், அந்த ஆள் சம்பந்தப்பட்ட வரவு பற்று எல்லாம் அந்தப் பக்கத்துல, ஒவ்வொரு வரிக்கும் ஓரத்துல குறிப்புல எந்தப் பக்கம்னு ஒரு நம்பர். சர்ச் எஞ்சினும் சரியா இதைத்தான் பண்ணுது. டாக்குமெண்டை வாசிச்சு, "இந்த டாக்குமெண்ட்ல என்னென்ன சொல் இருக்கு"ங்கிறத திருப்பிப் போட்டு "இந்தச் சொல் எந்தெந்த டாக்குமெண்ட்ல இருக்கு"ன்னு சொல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி வச்சுக்குது. அந்தப் பக்கத்துல ஏத்துற ஒவ்வொரு வரிக்கும் எங்க ஆளுங்க வச்ச பேரு போஸ்டிங். கணக்குப் புத்தகத்துல பேரேட்டுல ஏத்துறதுக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்லுவாங்க? அதுவும் போஸ்டிங்தான். நீங்க கூகுள்ல ஒரு சொல்லப் போட்டு அரை செகண்டுக்குள்ள பதில் வருதுன்னா அது ஒலகத்தையே அந்த நேரத்துல வாசிக்குதுன்னு அர்த்தம் இல்ல, முந்தின ராத்திரியே யாரோ பேரேடு ஏத்தி வச்சுட்டாக.

இதுல பழசு புதுசுன்னு ஒண்ணும் பெருசா இல்ல. 13ம் நூற்றாண்டுலயே பாரீஸ்ல டொமினிக்கன் சாமியாருங்க கூட்டமா உக்காந்து பைபிளுக்கு சொல்லடைவு போட்டாக, எந்தச் சொல் எந்த எடத்துல வருதுன்னு கையால. நம்ம சங்க இலக்கியத்துக்கும் சொல்லடைவு இருக்கு. கம்ப்யூட்டர் வந்து மாத்தினது அந்த ஐடியாவ இல்ல, அதுக்கு அடுத்து வர்ற கேள்விய: கெடச்சது ஆயிரம்னா எதை மொதல்ல காட்டுறது?

அப்பாவோட பேரேட்டுல ஒரு குறை இருந்துச்சு, அது ஆளுக்குத்தான் பக்கம், பொருளுக்குப் பக்கம் இல்ல. கேணிக்கு பேரேட்டுல பக்கம் கெடையாது, ஏன்னா கேணி கடன் வாங்காது. அப்பா தலைக்குள்ள அந்த மிச்ச இண்டெக்ஸ் இருந்துச்சு, "தேக்கு மரமா, அது சித்ரபானு வருஷத்துக் குறிப்புல பாதிக்கு மேல பாரு"ம்பாரு. அவரு போனதோட அந்த இண்டெக்ஸும் போச்சு.

சரி, வேலைக்கு வருவோம். போன்ல போட்டோ எடுத்தேன். கையெழுத்தை அப்புடியே வாசிக்கிற சாஃப்ட்வேர் எதுவும் எங்க தாத்தா கையெழுத்துக்கு முன்னாடி நிக்கல, அதனால நானும் அம்மாவும் வாசிச்சு சொல்ல, காரைக்குடில ரெண்டு காலேஜ் புள்ளைங்களுக்கு பக்கத்துக்கு இம்புட்டுன்னு பேசி டைப் அடிக்க வச்சேன், எல்லாக் கட்டையும் இல்ல, சொதந்திரத்துக்கு முன்னபின்ன ஒரு பதினஞ்சு வருஷக் குறிப்பு மட்டும். ஆறு மாசம் ஆச்சு. அதுக்கப்புறம் ஒரு சனிக்கிழமை உக்காந்து பைத்தான்ல சின்னதா ஒரு இண்டெக்ஸ் எழுதி ஓட்டி விட்டு, டெஸ்ட்டுக்கு "செட்டியார்"னு தேடுனேன். வந்த ரிசல்ட்ட பாத்து என்னமோ பண்ணிட்டோம்னு உள்ள போயி பாத்தா, அது செட்டியார ச, ட, ட, ய, ர ன்னு அஞ்சு துண்டா வெட்டி வச்சிருக்கு. பழனியப்பன் வந்து பழன, யப, பன. சொல்லைப் பிரிக்க எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு போடுற பேக்ஸ்லாஷ் டபிள்யூ இருக்கே, அதுக்கு எழுத்துன்னா எழுத்து மட்டும்தான், புள்ளியும் கொம்பும் காலும், எல்லா பாஷை எழுத்துக்கும் கம்ப்யூட்டர்ல நம்பர் குடுக்குற பொதுப் பட்டியல் யூனிகோட்ல, "குறி"ங்கிற வகையில வருதா, அது வந்த எடத்துலெல்லாம் சொல் முடிஞ்சிருச்சுன்னு வெட்டிருது. இங்கிலீஷ்காரனுக்கு இந்தப் பிரச்சினை வரவே வராது, அதனால அவன் எழுதுன டுட்டோரியல்ல இது இருக்காது. சர்ச் டீம்ல இருந்துக்கிட்டு இதுல மாட்டுனது வெக்கம்தான், ஆனா ஆபீஸ்ல இதெல்லாம் யாரோ பத்து வருஷம் முன்னாடி சரி பண்ணி வச்சுட்டுப் போயிருக்காக.

அடுத்த கூத்து கொம்பு. "கொ"ங்கிற எழுத்தை கம்ப்யூட்டர்ல ரெண்டு விதமா சேமிக்கலாம், ஒத்தைக் குறியாவும் வைக்கலாம், முன்னாடி கொம்பு பின்னாடி கால்னு ரெண்டு குறியாவும் வைக்கலாம். ஸ்க்ரீன்ல ரெண்டும் ஒண்ணுதான், உள்ள வேற வேற. டைப் அடிச்ச ரெண்டு புள்ளைங்களும் வேற வேற கீபோர்டு, இதை ஒரே வடிவத்துக்கு கொண்டு வராம தேடுனா ஒருத்தி அடிச்ச கொத்தனார் கெடைப்பாரு, இன்னொருத்தி அடிச்ச கொத்தனார் கெடைக்க மாட்டாரு.

தாத்தா கையெழுத்துக் கதை இன்னும் மேல. அவரு புள்ளி வைக்கிறதே இல்ல, அந்தக் காலத்துல பாதிப் பேரு வைக்கிறதில்ல, ஏகாரத்துக்கு ரெட்டைச் சுழிக் கொம்பெல்லாம் கெடையாது, ரகரமும் காலும் ஒரே கோடு. வாசிக்கிறவன்தான் புரிஞ்சுக்கணும். நாங்களும் புரிஞ்சுக்கிட்ட மாதிரிதான் டைப் பண்ணோம், ஆனா எங்க நாலு பேருக்கும் எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி புரியல. அதனால நான் என்ன பண்ணேன்னா, தேடுறதுக்குன்னு தனியா ஒரு காப்பி வச்சு அதுல நானும் தாத்தா மாதிரியே ஆயிட்டேன், புள்ளிய எடுத்துட்டேன், குறில் நெடில் கொம்ப ஒண்ணாக்கிட்டேன், காலையும் ரகரத்தையும் ஒண்ணாக்கிட்டேன். நிறைய கெடைக்க ஆரம்பிச்சுச்சு. கோட்டைன்னு தேடுனா தேவகோட்டையும் வந்துச்சு, கொட்டைமுத்து ரெண்டு மரக்காலும் வந்துச்சு.

இதுதான் இந்தத் தொழிலோட நிரந்தரத் தலைவலி. வலைய பெருசாக்குனா வேண்டியது தப்பாது ஆனா குப்பையும் சேந்து வரும், சின்னதாக்குனா குப்பை வராது ஆனா வேண்டியதும் நழுவும். வந்ததுல எத்தனை உருப்படிங்கிறது பிரிசிஷன், உருப்படியா இருந்ததுல எத்தனை வந்துச்சுங்கிறது ரீகால். எது முக்கியம்ங்கிறது கேக்குற ஆளைப் பொறுத்தது. ஆச்சிக்கு ஒரே ஒரு வரி போதும், சரியான வரியா இருந்தா சரி. பாகப்பிரிவினை கேஸ்ல வக்கீல் இதே கணக்க கேட்டா ஒரு தாள் விடாம எல்லாம் வேணும்பாரு.

எல்லாத்தையும் விட என்னை அலைய விட்டது இந்தக் குறிதான்: ௸. மேற்படி. பழைய கணக்கு பாத்தவங்களுக்கு தெரியும், வருஷத்துக்கு ௵, மாசத்துக்கு ௴, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, இதெல்லாம் யூனிகோட்லயே இருக்கு. இதுல ௸ போட்டா மேல சொன்ன அதே ஆள், அதே ஊரு, அதே விஷயம்னு அர்த்தம். எழுதுறவருக்கு மிச்சம், தேடுறவனுக்கு வினை. ஒரு பக்கத்துல கொத்தனார் பேரு ஒரே ஒரு தடவ இருக்கும், அதுக்குக் கீழ பதினஞ்சு வரி ௸ ௸ ௸ன்னு போகும், பக்கம் திரும்பினாலும் ௸தான். அந்தப் பக்கம் முழுக்க அந்த ஆளைப் பத்தினது ஆனா அவரு பேரு அங்க ஒரு எடத்துலயும் இல்ல. சொல்லைத் தேடுற எந்த மெஷினும் இதைக் கண்டுபிடிக்காது. ஒவ்வொரு ௸க்கும் மேல போயி யாருன்னு பாத்து நெரப்ப ஒரு ஸ்க்ரிப்ட் எழுதி, அது தப்புப் பண்ண எடத்தை கையால திருத்துனேன்.

இப்ப பேரு விஷயம். நகரத்தார் வீட்டுப் பேரு எப்புடி இருக்கும்னு இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. ஐயா பேரு பேரனுக்கு. பழனியப்பன் மகன் சிதம்பரம், சிதம்பரம் மகன் பழனியப்பன். ஒரு கல்யாணத்துல நின்னு "பழனியப்பா"ன்னு கூப்பிட்டா எத்தனை தலை திரும்பும்? குறிப்புல பழனியப்பன்னு தேடுனா பாதிப் புஸ்தகம் வந்து நிக்குது. அப்ப ஆளை எப்புடிப் பிரிச்சாக? விலாசம். பழ.மெ.பழ. ன்னு முன்னாடி நிக்குற எழுத்துதான் ஆளு, பேரு சும்மா. அதையும் நம்ம புரோகிராம் புள்ளிக்குப் புள்ளி வெட்டி தனித்தனி எழுத்தாக்கி வீசிருந்துச்சு, அதை தனியா காப்பாத்த வேண்டியதாப் போச்சு.

ஊருல எல்லாரும் வச்சிருக்க பேரு ஆளைக் காட்டாதுங்கிற இந்தச் சமாச்சாரத்தைத்தான் 1972ல கேம்பிரிட்ஜ்ல கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ்னு ஒரு அம்மா கணக்கா எழுதி வச்சாங்க. ஒரு சொல்லு எத்தனை டாக்குமெண்ட்ல வருதோ அத்தனைக்கு அதோட மதிப்பு கொறையணும். ஈஸியா இருக்க ரவுண்டா வச்சுக்குவோம், மொத்தம் 1280 தாள், பழனியப்பன் 640 தாள்ல இருக்காரு, வகுத்தா ரெண்டு, ரெண்டை அடிமானமா வச்சு லாக் எடுத்தா 1. மோல்மீன்ங்கிற ஊரு 5 தாள்ல இருக்கு, வகுத்தா 256, லாக் எடுத்தா 8. அப்ப "பழனியப்பன் மோல்மீன்"னு தேடுனா மோல்மீனுக்கு எட்டு பங்கு மரியாதை, பழனியப்பனுக்கு ஒரு பங்கு. அம்புட்டுதான் ஐடிஎஃப், இன்வெர்ஸ் டாக்குமெண்ட் ஃப்ரீக்வென்சி. இவ்வளவு சின்ன விஷயம் அம்பது வருஷத்துக்கு மேல எல்லா சர்ச் எஞ்சினோட அடிமடிலயும் உக்காந்துருக்கு. லெட்டர் கட்டுல இது இன்னும் அழகா வேலை செய்யும், எல்லா லெட்டரும் சிவமயம்னு ஆரம்பிச்சு, இவ்விடம் க்ஷேமம் அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும்னு போகும், அதெல்லாம் எல்லாத்துலயும் இருக்கறதால மதிப்பு தானா சைபர் பக்கம் போயிரும், நான் ஒக்காந்து வேண்டாத சொல் லிஸ்ட் போட வேண்டியதே இல்ல.

ஆனா இதுக்கு ஒரு கள்ளப் புள்ளையும் உண்டு. தப்பா டைப் அடிச்ச சொல்லு ஒரே ஒரு தடவதான் வரும். அப்ப அதுக்குத்தான் ஊருலயே அதிக மதிப்பு! ஐபிஎம்ல ஹான்ஸ் பீட்டர் லூன்னு ஒருத்தர் 1958லயே சொன்னாரு, அடிக்கடி வர்றதையும் விடு, ரொம்ப அபூர்வமா வர்றதையும் விடு, நடுவுல இருக்கறதுதான் விஷயத்தைச் சொல்லும்னு. நான் ஒரே தடவ வர்ற சொல்ல மட்டும் லிஸ்ட் எடுத்துப் பாத்தேன், முக்காவாசி எங்க நாலு பேரோட தப்புதான். கால்வாசி தாத்தாவோட பொக்கிஷம். அதுல எது எதுன்னு மெஷினுக்கு தெரியாது.

தரவரிசைக்கு நான் போட்டது பிஎம்25. லண்டன் சிட்டி யுனிவர்சிட்டில ஸ்டீபன் ராபர்ட்சன் கூட்டம் ஒகாபின்னு ஒரு சிஸ்டம் வச்சுக்கிட்டு ஃபார்முலாவா மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துக்கிட்டு இருந்தாங்க, அதுல 25வது நம்பர் ஃபார்முலா 1994 வாக்குல நின்னு ஜெயிச்சுச்சு, இன்னிக்கு வரைக்கும் நிக்குது. அதுல ரெண்டு புத்திசாலித்தனம் உண்டு. ஒண்ணு, ஒரு சொல்லு ஒரு தாள்ல பத்து தடவ வந்தா ஒரு தடவ வந்ததை விட பத்து மடங்கு முக்கியம்னு எடுத்துக்காது, ரெண்டாவது மூணாவது தடவைக்கு மதிப்பு கூடும், அப்புறம் கூடுறது கொறஞ்சுக்கிட்டே போகும், சாப்பாட்டுல மொத வடைக்கும் ஆறாவது வடைக்கும் இருக்க வித்தியாசம் மாதிரி. இன்னொண்ணு, தாளோட நீளம். கல்யாண மாசத்துக் குறிப்புல ஒரு நாளைக்கு எம்பது வரி, அதுல எந்தச் சொல்லும் இருக்கும், வெத்து நாள்ல மூணே வரி. மூணு வரில ஒண்ணா வந்த சொல்லுக்கும் எம்பது வரில ஒண்ணா வந்த சொல்லுக்கும் ஒரே மார்க் போட்டா நியாயமா?

லைப்ரரி சயின்ஸ் படிச்சவன்கிறதால ஒரு மனக்குறைய இங்க கொட்டிக்கிறேன். எங்களுக்கு சாமின்னா சீர்காழில பொறந்த ரங்கநாதன்தான். கணக்கு வாத்தியாரா இருந்து 1924ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி நூலகரானவரு, 1931ல அஞ்சு விதி எழுதுனாரு, அதுல நாலாவது வாசகர் நேரத்தை மிச்சப்படுத்துங்கிறது, சர்ச் எஞ்சின் கம்பெனி வாசல்ல போர்டு எழுதி மாட்டலாம். 1933ல கோலன் பகுப்பு முறை. ஒரு விஷயத்தை முகம் முகமா பிரிச்சு, யாரு, எதால, என்ன பண்ணுறது, எங்க, எப்பன்னு கோக்குற முறை. இப்ப ஆன்லைன் கடைல எடது பக்கம் விலை, கலர், சைஸ்னு டிக் பண்ணுறீங்களே அந்த யோசனைதான். ஆனா இங்கிலாந்துல கிரான்ஃபீல்டுல சிரில் கிளவர்டன்னு ஒரு நூலகர் இந்த முறைகளையெல்லாம் நெஜமாவே பரீட்சை வச்சுப் பாத்துருவோம்னு கெளம்புனாரு. ரெண்டாவது ரவுண்டுல, 1960கள்ல, விமானம் பறக்குற சயின்ஸ் பத்தின 1400 கட்டுரை, கேள்விய கட்டுரை எழுதுனவங்ககிட்டயே வாங்கி, எந்தக் கேள்விக்கு எது பதில்னு குறிச்சு வச்சு, ஒவ்வொரு முறையும் எத்தனை மார்க்னு போட்டாரு. பாத்துப் பாத்து வகுத்து வச்ச சொல் பட்டியல் எல்லாத்தையும் தாண்டி, கட்டுரைல இருக்க சாதாரணச் சொல்லையே அப்புடியே எடுத்து வச்சதுதான் மேல வந்துச்சு. அவருக்கே நம்ப முடியல, இந்த முடிவைப் பாத்தா எங்க பரீட்சை மேலயே சந்தேகம் வரும்னு ரிப்போர்ட்ல எழுதி வச்சாரு. எனக்கும் முதல்ல படிச்சப்ப கோவம் வந்துச்சு. அப்புறம் யோசிச்சா, 1400 கட்டுரையும் ஒரே தொழில் ஆளுங்க ஒரே பாஷைல எழுதுனது, கேட்டவங்களும் அதே ஆளுங்க. எழுதுனவரு 1940ல ஒரு கணக்குப்பிள்ளை, கேக்குறவுக இன்னிக்கு ஒரு ஆச்சின்னா அதே முடிவு நிக்குமான்னு கிளவர்டன் பாக்கல.

நான் பாத்தேன். நிக்கல.

"கிணறு"ன்னு தேடுனேன், ஒண்ணுமில்ல. "கேணி"ன்னு தேடுனேன், ஒன்பது வந்துச்சு, ஒன்பதும் கேணி தூர் வாருன கூலி, எல்லாம் பின்னாடி வருஷம். ஊருணி வந்துச்சு, அது ஊர்ப் பொது. வெட்டு, தோண்டு, ஊத்து, எல்லாம் போட்டாச்சு. 1987ல பெல் கம்பெனி ஆராய்ச்சில ஜார்ஜ் ஃபர்னாஸ் கூட்டம் ஒரு கட்டுரை எழுதுனாங்க, ஒரே பொருளுக்கு ரெண்டு பேரை தனித்தனியா பேரு வைக்கச் சொன்னா ஒரே சொல்ல சொல்றதுக்கு நூத்துக்கு இருபது வாய்ப்பு கூட கெடையாதுன்னு. அது ஒரே காலத்து ஆளுங்களுக்கு. சரின்னு இப்ப எல்லாரும் சொல்ற அர்த்தத்தை வச்சுத் தேடுற மாடலும் போட்டுப் பாத்தேன், சொல்லை நம்பர் வரிசையா மாத்தி பக்கத்துல பக்கத்துல இருக்கறத எடுக்குற வகை. கிணறுன்னு கேட்டா கேணிய தானா கொண்டு வந்துச்சு, நல்ல புள்ளை, ஆனா அதே ஒன்பது தூர் வாருன கூலி, அதோட கோயில் தெப்பக்குளத்துக்கு குடுத்த நன்கொடை. கொற அதோடது இல்ல. கேணி வெட்டுன வரில கேணிங்கிற சொல்லோ அது மாதிரி அர்த்தமோ இருந்தாத்தானே எடுக்கும்? தாத்தா காசு யாருக்குக் குடுத்தாருன்னு எழுதிருப்பாரு, எதுக்குன்னு அவருக்குத் தெரியும், செட்டியாருக்குத் தெரியும், அப்புறம் எதுக்கு எழுதணும்?

ரெண்டு நாள் இப்புடி போச்சு. மூணாம் நாள் அம்மா கீரை ஆஞ்சுக்கிட்டே கேட்டுச்சு, "என்னடா, இன்னுமா கெடைக்கல?" சொன்னேன். "கேணின்னா சகடை இல்லாமயா? சகடை கடைலதான வாங்கிருப்பாக."

சகடைன்னா கேணில தண்ணி இறைக்க கயிறு ஓடுற உருளை. எனக்கு உறைக்கவே இல்ல பாருங்க. சகடைன்னு போட்டேன். ரெண்டு வந்துச்சு. ஒண்ணு ரொம்பப் பின்னாடி, ரிப்பேர். இன்னொண்ணு: விரோதி ௵ ஆவணி ௴, இரும்புச் சகடை 2, வடம் 2, மதுரையிலிருந்து ஏத்துக்கூலி உட்பட, பாதி பங்காளி வீட்டுப் பற்று.

அந்தத் தாள்ல இருந்த மத்த சொல்ல எடுத்து திரும்பத் தேடுனேன், செம்புராங்கல், சுண்ணாம்பு, அந்தக் கொத்தனார் பேரு. கெடைச்ச நல்ல தாளையே கேள்வியாக்கி திரும்பக் கேக்குறது, இதுக்கு ரோக்கியோ முறைன்னு பேரு, கார்னெல்ல ஜெரார்ட் சால்ட்டன் நடத்துன ஸ்மார்ட் சிஸ்டம் காலத்துச் சரக்கு, இப்பவும் இதை விட சல்லிசா ஒரு முறைய நான் பாக்கல. கடகடன்னு வந்துருச்சு. ஆனி மாசத்துல இருந்து மண் எடுத்த கூலி, அப்புறம் கல்லு வண்டி, அப்புறம் சுண்ணாம்பு, எல்லாம் ௸ ௸ன்னு ஒளிஞ்சுக்கிட்டு இருந்த வரிங்க. ஒவ்வொண்ணுலயும் பாதி அடுத்த வீட்டுப் பற்றுல. விரோதி வருஷம்னா 1949. பங்காளிங்க ரெண்டு பேரும் சேந்து கேணி வெட்ட அந்தப் பேரு வச்ச வருஷந்தான் கெடைச்சிருக்கு. ஆச்சி 1949ன்னு கேட்டாலும் வரணும்னு அறுபது வருஷப் பேருக்கும் ஒரு டேபிள் போட்டு இங்கிலீஷ் வருஷத்தோட கட்டி விட்டேன்.

அதே சூட்டோட பின்கட்டையும் தேடிட்டேன், அது லேசு, உத்தரத்துக்கு மரம் வாங்குனது பெரிய தொகை. கர வருஷம் தை. 1952 ஆரம்பம்.

இந்தத் துறைக்கே பேரு வச்சவரு கால்வின் மூயர்ஸ், இன்ஃபர்மேஷன் ரிட்ரீவல்ங்கிற சொல்ல 1950ல விட்டது அவருதான். அதுக்கு ஒரு பத்து வருஷம் கழிச்சு இன்னொண்ணும் சொன்னாரு: ஒரு தகவல் கைல இருக்கறது இல்லாததை விட ரோதனைன்னா, அந்தத் தேடுற சிஸ்டத்த யாரும் பயன்படுத்த மாட்டாங்க. நான் காலேஜ்ல இதை ஸ்க்ரீன் ஈஸியா இருக்கணும், பட்டன் பெருசா இருக்கணும்ங்கிற அர்த்தத்துலதான் பரீட்சைல எழுதுனேன், மார்க்கும் போட்டாங்க. அவரு சொன்னது அது இல்ல.

லேப்டாப்ப தூக்கிக்கிட்டு பெரிய வீட்டுக்குப் போனேன். வளவுல உக்காந்து ஆச்சிக்கு மொதல்ல போட்டோவ பெருசு பண்ணிக் காட்டுனேன், தாத்தா கையெழுத்துன்னதும் கண்ணாடிய மாட்டிக்கிட்டு பக்கத்துல வந்தாக. எனக்கு பெரிய விஷயமா பட்டது அந்தப் பாதிப் பற்றுதான், அதனால கொஞ்சம் தயங்கி, "ஆச்சி, இந்தக் கேணி ரெண்டு வீட்டுக்கும் பொதுவுல வெட்டுனதாட்டம் இருக்கு, பாதிக் காசு அவுக குடுத்துருக்காக"ன்னு ஆரம்பிச்சேன்.

"அது ஊருக்கே தெரியும்யா. கேணில ரெண்டு சகடை தொங்குதுல்ல, ஒண்ணு நம்ம பக்கம், ஒண்ணு அவுக பக்கம். நீ சின்னப் புள்ளைல அதுல ஊஞ்சல் ஆடி ஒங்கப்பாகிட்ட அடி வாங்கல? நான் கேட்டது வருஷத்தை."

ரெண்டு நாளா நான் சொல்லுச் சொல்லா தேடுனது கொல்லையில தொங்கிக்கிட்டு இருந்துருக்கு. "கேணி விரோதி வருஷம் ஆவணி ஆச்சி. பின்கட்டு கர வருஷம்."

ஆச்சி வெரல் விட்டு எண்ணுனாக. விரோதி, விகிர்தி, கர. கண்ணாடிய கழட்டி முந்தானைல தொடைச்சாக. கொஞ்ச நேரம் பேச்சே இல்ல.

"அப்ப அவ சொன்னதுதான் சரியா?"

"ஆமா ஆச்சி. சுண்ணாம்பு கொழைக்க தண்ணி வேணும்ல, அதான் மொதல்ல கேணி..."

"தெரியுது, தெரியுது." உள்ள பாத்து காப்பி கொண்டாரச் சொன்னாக. காப்பி வந்துச்சு, குடிச்சேன். டவராவ வாங்கி வச்சுக்கிட்டே கேட்டாக, "இந்தக் கம்ப்யூட்டர நீ அந்த வீட்டுப் பக்கமும் கொண்டு போவியா?"

"இல்ல ஆச்சி, சும்மா போனா ஒரு எட்டு பாத்துட்டு..."

"போனா வெறுங்கையோட போ."